வெள்ளையாக எது தெரிந்தாலும்

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து மண்ணெண்ணெயும் துணி சோப்பும் கலந்த வாடை வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சரோஜினி அம்மா வாளியில் கரைசல் கலக்கிக்கொண்டிருந்தார். என் கேட்டருகே நிற்கும் செம்பருத்தியின் மொட்டுக் காம்புகளில் வெள்ளை படிந்திருப்பதை அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

"சாரே, எங்க செடி முழுக்கப் பிடிச்சுப்போச்சு. உங்களுக்கும் வந்தாச்சு. அரை வாளி தரட்டா?"

கொஞ்சம் பொறுங்கள், ஒன்று பார்க்க வேண்டும் என்றேன்.

"அதிலே பாக்க என்ன இருக்கு? வெள்ளையா இருக்கது எல்லாம் பூச்சியாக்கும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை நான் ஒருமுறை அச்சில் எழுதியிருக்கிறேன். அது உமக்குத் தெரியும். உமக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிய வந்தது. அதனால்தான் இந்த மடல்.

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடுகள். ஒன்றில் நீரும் மதினியும், மற்றதில் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் குடிவந்தபோது நீர் ரயில் தபாலில் சார்ட்டர். இரவெல்லாம் கடிதம் பிரித்துவிட்டுக் காலை ஆறரைக்கு வருவீர். வந்ததும் படுக்கமாட்டீர். சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிச் செடிகளிடம் போய்க் குத்தவைத்து உட்காருவீர். முதல் வாரத்தில் நீர் எதையோ தொலைத்துவிட்டீர் என்று நினைத்து நானும் வந்து தேடினேன். "என்ன தேடுதோம்னு தெரியாம தேடுகது உம்ம தொழிலாவே?" என்று கேட்டீர். நாம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைவு.

உம் வீட்டுச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. அதில் நான்கு காலித் தீப்பெட்டிகளை ஒட்டி, தபால் பிரிக்கும் அறைகளைப் போலவே ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதியிருந்தீர். தின்பது. தின்பதைத் தின்பது. சும்மா தங்குவது. விலாசம் தெரியாதது. பெட்டிகளுக்குள் பூச்சி கிடையாது, துண்டுத் தாள்கள்தான். பூச்சியைச் செடியிலேயே விட்டுவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதிப் போடுவீர். ஒரு தாளில் இப்படி இருந்தது: "வெண்டை. இலைக்கு அடியில். பச்சை. இரண்டு நாளாய் ஒரே இடம். வாய் பார்க்கவில்லை."

வாய் பார்க்கவில்லை என்றால், அது எதையாவது தின்பதைக் கண்ணால் பார்க்கவில்லை என்று பொருள். மூன்று முறை பார்க்கும்வரை எந்தத் தாளும் நான்காவது பெட்டியைவிட்டு வெளியே வராது. ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். நீர் அதைத் தொழிலிலிருந்து சொன்னீர். "விலாசம் வெளங்காத கடுதாசிய ஊகிச்சு ஒரு அறையிலே போட்டா, அது எங்கயோ போயி அலைஞ்சு திரும்ப பத்து நாளு ஆகும். போடாம வச்சா ஒரு நாளுதான் தாமசம்."

அது எனக்குப் பிடித்திருந்தது. பத்திரிகை நிருபரான என் வேலையும் பார்த்து எழுதுவதுதான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

பாகல் பந்தலில் பொறிவண்டு வந்தது நினைவிருக்கிறதா? பொறிவண்டு நல்லது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கொடியில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. நல்ல காலம் என்றேன். நீர் இலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான்கு நாள் கழித்து இலைகள் எல்லாம் சல்லடைத் துணிபோல நரம்பு மட்டும் மிஞ்சி நின்றன. அன்று காலை என்னைக் கூப்பிட்டு இரண்டு வண்டுகளைப் பக்கம் பக்கமாகக் காட்டினீர். ஒன்று எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கியது. அது இலைக்கு அடியில் அசுவினியை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தது. மற்றது மங்கல், முதுகில் பூனைமயிர்போல மெல்லிய ரோமம், புள்ளிகள் ஏராளம். அது இலையையே சுரண்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பிதான். தாளை எழுதி, மினுங்குகிறதை இரண்டாவது பெட்டியிலும் மங்கலை முதலாவதிலும் போட்டீர். மங்கலானதைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டதும் நீர்தான். கொல்லமாட்டேன் என்கிற கொள்கை உமக்கு இருந்ததில்லை. யாரைக் கொல்கிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போலக் கிடந்த புழுவை நாம் இரண்டு வாரம் பார்த்தோம். எச்சம் என்றே நினைத்து நான் நீரூற்றிக் கழுவப் போனேன். அது தலையைத் தூக்கி, சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி, ஒரு நாற்றம் விட்டது. நான் பின்னால் நகர்ந்ததைப் பார்த்து நீர் சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டீர். இலை தின்கிறது, ஆகையால் முதல் பெட்டி என்று நான் வாதாடினேன். வளர்ந்தால் வண்ணத்துப்பூச்சி என்று நீர் மூன்றாவதைச் சொன்னீர். மதினி வந்து முடித்துவைத்தார். அவருக்கு ரசத்துக்குப் பத்து இலை போதும். மரத்தில் பத்தாயிரம் இருக்கிறது. போகும்போது அவர் சொன்னதும் மறக்கவில்லை. "வீட்டுக்கு வாற ஆளுக்குக் காப்பி வேணுமான்னு கேக்க நேரமில்ல. பூச்சிக்கு என்ன வேணும்னு கேக்க ரெண்டு ஆம்பிளைய குத்தவச்சு இருக்காவ."

நாகர்கோவிலில் அச்சாகும் என் பத்திரிகைக்கு நான் அனுப்பும் செய்திகள் பகல் பஸ்ஸில் போகும். அவசரமில்லாதவை தபாலில். ஞாயிறு பக்கத்தில் இடம் மிஞ்சுகிறது, வீட்டுத் தோட்டம் பற்றி வாரம் ஒரு துணுக்கு கொடு என்று ஆசிரியர் குழு கேட்டபோது, எனக்கு எழுத விஷயம் கிணற்றடியிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை கவரை ஸ்டேஷன் பெட்டியில் போடுவேன். புதன் காலையில் நீர், "உம்ம கையெழுத்து நேத்து என் கையிலே வந்துச்சு. மசி அதிகம்" என்பீர். நாகர்கோவில் பக்கம் போகும் கடிதங்களைப் பிரித்துப் போடும் அறை உம் பொறுப்பில்தான் இருந்தது.

பன்னிரண்டோ பதின்மூன்றோ துணுக்கு ஒழுங்காகப் போனது. பிறகு கிணற்றடிச் செம்பருத்தியில் வெள்ளை வந்தது. மொட்டுக் காம்பில், இலைக் கக்கத்தில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல. எறும்புகள் ஏறி இறங்கின. மொட்டு சுருண்டு விழுந்தது. நீர் தாள் எழுதி நான்காவது பெட்டியில் போட்டீர். "வெள்ளை. ஒரு வகையா, இரண்டா?" என்று அதில் இருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்றீர்.

அன்று செவ்வாய்க்கிழமை. வேறு விஷயம் கையில் இல்லை. நான் எழுதிவிட்டேன். செம்பருத்தியில் வெள்ளையாக எது தெரிந்தாலும் அது சாறு உறிஞ்சும் பூச்சி. மண்ணெண்ணெய் சோப்புக் கரைசலில் துணியை நனைத்து, ஒன்றுவிடாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும். சொற்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். அச்சில் பார்த்தபோது நீர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எது தெரிந்தாலும்னு போட்டிருக்கீரு" என்று மட்டும் சொன்னீர். ஒரு துணுக்குக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

தங்கம்மைக்குப் படிக்கத் தெரியாது. கிள்ளியாற்றங்கரையில் அவள் வளர்த்த செம்பருத்தி வேலி ஏறக்குறைய நாற்பது தூர். விடியுமுன் மொட்டுப் பறித்து, பிள்ளையார் கோயிலுக்கு மாலையும் ஆரியசாலைக் கடைகளின் சாமி படங்களுக்குச் சரமும் கட்டிக் கொடுப்பாள். புருஷன் இல்லை. அந்த வேலிதான் அவள் அடுப்பு. அவள் செடியிலும் வெள்ளை வந்திருந்தது. டீக்கடையில் யாரோ என் துணுக்கை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதை எழுதின சார் மிளகாய் மண்டிக்குப் பின்னால்தான் இருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து அவள் நம் காம்பவுண்டுக்கு வந்தாள். உள்ளங்கையில் சுருண்ட மொட்டுகள். திட்டுவதற்கு வரவில்லை. அப்படி வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சாரே, நீங்க எழுதினதுபோலத்தான் செய்தேன். மூணு நாளு இருந்து தொடைச்சேன், ஒண்ணு விடல்ல. பத்து நாளு நல்லா இருந்துது. இப்போ முன்னயவிட இரட்டி. எங்கே தப்பிப்போச்சுன்னு ஒண்ணு வந்து பாக்கணும்."

கோயிலில் ஒரு வாரம்தான் பொறுப்பார்களாம். பிறகு கரமனையிலிருந்து வேறு ஆள் பூ கொண்டுவர ஏற்பாடு.

நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். வேலி முழுக்கச் சுண்ணாம்பு தெளித்ததுபோல இருந்தது. அவள் துடைத்ததில் குறையில்லை. பட்டை வெடிப்புக்குள்ளும் வேரடியிலும் துணி எட்டாத இடங்களிலிருந்து அவை மீண்டும் ஏறியிருந்தன. நீர் ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனீர். திரும்பும் வழியில் ஒரே ஒரு விஷயம் கேட்டீர்: நம் வீட்டுச் செம்பருத்தியை யாரும் துடைக்கவில்லை, பின் அது ஏன் இத்தனை மோசமாகவில்லை?

அது எனக்குத் தோன்றவேயில்லை. கிணற்றடிச் செடியில் வெள்ளை குறைந்திருந்தது. புதிதாக நான்கைந்து மொட்டு நிமிர்ந்து நின்றது.

மறுநாள் காலை ஆறரையிலிருந்து அந்தச் செடியின் முன்னால் உட்கார்ந்தோம். ஏழு மணி சுமாருக்கு நீர் என் முழங்கையைத் தொட்டீர். வெள்ளைக் கும்பலுக்குள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. அதன் உடம்பில் மெழுகு இழைகள் நீளமாக, கலைந்த முடிபோல. மதினியின் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியால் தொட்டீர். மற்றவை இருந்த இடத்தில் இருந்தன. அது ஓடியது. காம்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த கும்பலுக்குள் போய், தலையைக் குத்தித் தின்ன ஆரம்பித்தது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். சட்டசபையில்கூட அவ்வளவு கவனமாகக் குறித்ததில்லை. ஏழு ஐந்துக்கு ஒன்று. ஏழு பதினொன்றுக்கு இன்னொன்று. ஏழரைக்குள் முட்டைப் பஞ்சு ஒன்றைப் பாதி காலி செய்தது. தின்னப்படுகிறவர்களின் உடுப்பையே உடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து தின்கிறது, யாரும் அசையவில்லை.

"கள்ளனுக்கும் போலீசுக்கும் ஒரே சட்டை தச்சுக் குடுத்தது யாருவே?" என்றீர். உம் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். பிறகுதான் உறைத்தது. தங்கம்மை மூன்று நாள் உட்கார்ந்து துடைத்ததில் முதலில் போனவை இவைதான். உருவத்தில் பெரியவை, வெளியே ஓடித் திரிபவை. திருடர்கள் வெடிப்புக்குள் பதுங்கித் தப்பிவிட்டார்கள். ஒன்றுவிடாமல் என்று நான்தான் எழுதியிருந்தேன்.

கிணற்றடிச் செடியில் தேடியதில் ஓடுகிறவை மூன்றே மூன்று. நாற்பது தூருக்கு அது போதாது. நீர் தபால்காரர்களிடம் கேட்டீர். எந்தத் தெருவில் யார் வீட்டுச் செடி வெள்ளையாக இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வித்துரா தபாலாபீசில் உமக்குப் பழக்கமான ஒருவர், அங்கே காப்பிச் செடிகளில் இப்படி இருப்பதாகவும், எஸ்டேட்டுக்காரர்கள் அதில் ஓடுகிறவற்றைத் தொடவிடுவதில்லை என்றும் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். காப்பிச் செடிகளுக்கு நடுவே மத்தியானம்வரை ஈர்க்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். ஓடியதை இலையோடு எடுத்தோம், நின்றதை விட்டோம். அங்கேதான் அதன் வளர்ந்த உருவத்தையும் பார்த்தோம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வண்டு, தலை செங்கல் நிறம். அந்த வெள்ளைக் கந்தலுக்குள்ளிருந்து இவ்வளவு சுத்தமான ஒரு வண்டு வரும் என்று யார் நினைப்பார்கள்?

வாயில் துணி கட்டிய ஊறுகாய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். கண்டக்டர், குப்பியில் என்ன என்று மலையாளத்தில் கேட்டார். மருந்து என்றீர். என்ன நோய்க்கு என்றார். என்னைக் காட்டி, இவருடைய பேனாவுக்கு என்றீர். அவருக்குப் புரிந்திருக்காது. நான் நெடுமங்காடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தங்கம்மையின் வேலியில் விட்ட முதல் நாளே எறும்புகள் அவற்றைத் துரத்திக் கீழே தள்ளின. வெள்ளைப் பூச்சி சுரக்கும் இனிப்புக்கு எறும்புதான் காவல். ஒவ்வொரு தூரின் அடியிலும் பழந்துணி சுற்றி, சைக்கிள் கடைக் கிரீசைத் தடவினோம். தங்கம்மை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இதுவும் வெள்ளையாகத்தானே இருக்கிறது, தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நீர் ஈர்க்கை அவள் கையில் கொடுத்தீர். "தொட்டுப் பாரு. ஓடினா விட்டிரு."

பதினோரு தூர் பட்டுப்போனது. கோயிலுக்குக் கரமனைப் பூதான் போனது, நவராத்திரி வரைக்கும். அந்த மாதங்களில் அவள் மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளினாள். கண் சிவந்து, கை எரிச்சலோடு, சாயங்காலம் வந்து வேலியைத் தொட்டுப் பார்ப்பாள். மிஞ்சிய தூர்கள் தளிர்த்து, கோயில்காரர்கள் திரும்பக் கூப்பிட்ட அன்று என்னிடம் வந்து ஒன்று கேட்டாள்.

"சாரே, இதையும் பேப்பரிலே எழுதணும். என்னைப்போல வேற ஆளுகளும் தொடைச்சிருப்பாவ அல்லே?"

எழுதுகிறேன் என்றேன். நீர் அருகில் நின்றிருந்தீர்.

நான் எழுதவில்லை. பல வருஷம் செய்தி அனுப்பியதில் என் பெயரில் ஒரு திருத்தம் வந்ததில்லை. அதை நான் ஒரு பதக்கம்போல வைத்திருந்தேன். ஒரு பூச்சிக்காக அதை இழக்க மனம் வரவில்லை. காரணம் அவ்வளவு அற்பமானதுதான். இரண்டு ஞாயிறு நீர் பேப்பரைப் பிரித்துப் பார்த்தீர். மூன்றாவது வாரம் கேட்டீர். திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன், அவர்கள் போடவில்லை, செம்பருத்திக்கெல்லாம் திருத்தமா என்று சிரித்திருப்பார்கள் என்றேன்.

"தனிக் கவரா?"

"ஆமா, தனிக் கவர்."

"தபாலிலேயா?"

"ஆமா."

"சரி வே" என்றீர். பிறகு பாகல் பந்தலைப் பற்றி ஏதோ பேசினீர்.

அதன்பின் பல வருஷம் நாம் அதே கிணற்றடியில் உட்கார்ந்தோம். பூச்சிகள் வந்தன, தாள்கள் பெட்டி மாறின. நீர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. உம் முகத்தில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. நான் ஓய்வுபெற்று இந்த வீட்டுக்கு வந்தேன். போன வருஷம் நீர் போனீர். தங்கம்மை கட்டிய மாலையும் உம்மோடு போயிற்று.

போன மாதம் மதினி வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகும்போது அந்தப் பலகையை எனக்குக் கொடுத்தார். "இந்தக் குப்பைய அவ தூரப் போட்டிருவா. நீங்களாவது வச்சுக்கிடுங்க." இரவல் வாங்கியதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் மூன்று பெட்டிகளிலும் தாள்கள் நெருக்கியடித்து இருந்தன. நான்காவதில், விலாசம் தெரியாததில், ஒன்றுதான். அது தாள் அல்ல, என் துணுக்கின் நறுக்கு. மடிப்பில் மஞ்சளடித்திருந்தது. ஓரத்தில் உம் பென்சில்: "திருத்தம் வழியில்."

நிற்கவைத்து யாரோ கேள்வி கேட்டதுபோல இருந்தது. அப்போதுதான், இத்தனை வருஷம் கழித்து, தனிக் கவரா, தபாலிலேயா என்ற உம் இரண்டு கேள்விகளும் எனக்கு விளங்கின. நாகர்கோவில் அறையில் நின்றவர் நீர். என் கையெழுத்தை மசி வாடையிலேயே அறிந்தவர் நீர். அந்தத் திங்கட்கிழமை என் கவர் எதுவும் உம் கைக்கு வரவில்லை என்பது உமக்கு அன்றே தெரியும். பொய் என்று எழுதி எந்தப் பெட்டியிலாவது போட்டிருக்கலாம். நீர் அதை வழியில் என்று எழுதி வைத்துக் காத்திருந்தீர்.

இன்று காலை மதிலருகே போய் ஓர் ஈர்க்கு கேட்டேன். சரோஜினி அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தார். என் செடியில் முதலாவது அசையவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அசையவில்லை. நான்காவது ஓடியது. அவர் மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தார், பிறகு வாளியைக் கீழே வைத்தார். "இது ஏது சாரே, இதுவரை நான் கண்டதில்லையே" என்றவர், இதை யார் சொல்லித்தந்தது என்று கேட்டார். நான் முழுவதும் சொன்னேன், என் துணுக்கு உள்பட. சொல்லி முடித்துவிட்டு உள்ளே வந்து எழுதியதை உமக்குப் படித்துக் காட்டுகிறேன்.

"திருத்தம். பல ஆண்டுகளுக்குமுன் இப்பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில், செம்பருத்தியில் வெள்ளையாக எது தெரிந்தாலும் ஒன்றுவிடாமல் துடைத்து எடுக்க வேண்டும் என்று எழுதியது தவறு. வெள்ளையாக இருப்பவற்றில் இரண்டு வகை உண்டு. ஈர்க்கு நுனியால் தொட்டால் நகராமலோ மிக மெல்ல நகர்ந்தோ ஒட்டிக்கொண்டிருப்பது செடியின் சாற்றைக் குடிப்பது. ஓடுவது அதைத் தின்னும் வண்டின் புழு. ஓடுவதை விட்டுவிடவும். இதைப் பார்த்துச் சொன்னவர் ரயில் தபாலில் சார்ட்டராக இருந்தவர். துணுக்கை எழுதியவர் பார்க்காமல் எழுதினார். அதனால் ஆரியசாலையில் பூக்கட்டும் ஒரு பெண்ணின் பதினோரு செடிகள் பட்டுப்போயின."

அவர்கள் இதைப் போடுவார்களா என்று தெரியவில்லை. அங்கே இப்போது எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. ஆனால் தனிக் கவரில் வைத்து, விலாசம் தெளிவாக எழுதி ஒட்டிவிட்டேன். மசி கொஞ்சம் அதிகம்தான். சாயங்காலம் ஸ்டேஷன் பெட்டியிலேயே போடுகிறேன். நாகர்கோவில் அறையில் இப்போது யார் நிற்கிறார்களோ, அவர் கையில் அது வரும்.